கிழக்கு ஜன்னல் கன்னம்

புங்கமேடு பேருந்து நிலையத்தின் டைம் கீப்பர் செவந்திலிங்கத்துக்கு இடது கன்னத்தில் ஐம்பத்தைந்து வயதும் வலது கன்னத்தில் முப்பத்தெட்டு வயதும் நடந்துகொண்டிருந்தன. இதில் ஊருக்கு ஆச்சரியம் எதுவும் மிச்சமில்லை. ஆச்சரியப்பட வேண்டியதையெல்லாம் முதல் இரண்டு வருஷத்திலேயே பட்டு முடித்துவிட்டு, காவேரியில் ஒரு கரை மேடாகவும் ஒரு கரை பள்ளமாகவும் இருப்பதை ஏற்றுக்கொண்டதைப் போலவே அந்த இரண்டு கன்னங்களையும் ஏற்றுக்கொண்டு, அவரவர் பஸ்ஸைப் பிடிக்க அவரவர் போய்விட்டார்கள்.

எல்லாம் ஒரு கடைவாய்ப்பல்லில் ஆரம்பித்தது. பதினேழு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் செவந்திலிங்கத்தின் மாமனார், ஆற்றுக்கு அக்கரையில், இருந்த இருப்பில் இறந்துபோனார். அவருக்கு மகன் கிடையாது. சௌந்தரவள்ளி ஒரே பெண். மருமகன்தான் எனக்குக் கொள்ளி வைக்க வேண்டும் என்று அந்த மனுஷர் உயிரோடு இருக்கும்போதே ஊர் அறியச் சொல்லி வைத்திருந்தார். சௌந்தரவள்ளி அழுதுகொண்டே முதல் பஸ்ஸில் ஏறினாள். மாற்று ஆள் வந்ததும் பின்னாலேயே வந்துவிடுவதாக இவர் சொன்னார். மாற்று ஆள் வரவில்லை. ஏழு பத்தை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார், பிறகு எட்டேகாலை அனுப்பிவிட்டுப் போகலாம் என்று நினைத்தார், ஒன்பதரை துறையூர் வண்டிக்குக் கையெழுத்துப் போடாமல் எப்படிப் போவது என்று நினைத்தார், இப்படி நினைத்து நினைத்து, பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பஸ்ஸையும் ஒரு நிமிஷம் தாமதமாக விடாத செவந்திலிங்கம், மத்தியானம் வரை காத்திருந்த உடலை எடுத்துக்கொண்டு போன பிறகு போய்ச் சேர்ந்தார். கொள்ளிச் சட்டியை யாரோ ஒரு பங்காளி தூக்கியிருந்தார்.

சௌந்தரவள்ளி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் இவர் பிழைத்திருப்பார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவள், மஸ்கட்டில் ஒரு வீட்டில் சமையலுக்கு ஆள் கேட்டிருந்த சித்தி மகளுக்குப் போன் போட்டாள், மூன்று மாதம் அவரோடு ஒரு வார்த்தை பேசாமல் சோறு மட்டும் போட்டாள், பாஸ்போர்ட் வந்த மறுநாள் பெட்டியோடு பேருந்து நிலையத்துக்கு வந்து, அவருடைய அறையைத் தாண்டிப் போய், திருச்சி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பத்து நாற்பதுக்கு அந்த வண்டி கிளம்ப வேண்டும். செவந்திலிங்கம் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார். சரியாகப் பத்து நாற்பதுக்கு அவருடைய கை அவரைக் கேட்காமலேயே மைக்கை எடுத்தது. 'திருச்சி செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது' என்று அவருடைய வாய் சொன்னது. விசிலை ஊதினார். வண்டி மேற்கு வாசல் வழியாக வெளியே போய்த் திரும்பும்போது அவர் தாடையை இறுக்கிய இறுக்கில், வலதுபக்கக் கீழ்க் கடைவாய்ப்பல் 'டக்'கென்று இரண்டாகப் பிளந்தது.

டாக்டர் ஃபிலோமினா மருந்துக்கடை மாடியில் கிளினிக் திறந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பல்லைப் பார்த்தார். வேர்வரை விரிசல், எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார்.

"எடுத்தா மூஞ்சி மாறுமா, டாக்டரம்மா?"

"ஒடனே தெரியாதுண்ணே. பல்லு இருக்கிற வரைக்கும்தான் தாடை எலும்புக்கு வேலை. பல்லு போச்சுன்னா அந்த எடத்துல எலும்பு கொஞ்சங்கொஞ்சமா கரையும். நாளாக ஆகக் கன்னம் உள்ள போகும்."

"அப்ப வேணாம்." செவந்திலிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "வலி இருந்துட்டுப் போவட்டும். ரெண்டு வருஷத்துல அவ திரும்பி வருவா. வந்து எறங்கறப்ப, விட்டுட்டுப் போன மூஞ்சி விட்ட எடத்துல இருக்கணும். இல்லாட்டி அவ யாருகிட்ட வருவா?"

டாக்டருக்கு என்னவோ போலிருந்தது. அவரை மறுபடி உட்காரச் சொன்னார். பிறகு, எடுத்த பல்லையே சுத்தம் பண்ணி, காயவைத்து, ரவை மாதிரி அரைத்து, அதே குழியில் நிரப்பித் தையல் போட்டுவிடலாம் என்றும், அதைப் பிடித்துக்கொண்டு அங்கே எலும்பு வளரும் என்றும் சொன்னார். "மாட்டெலும்பு, மருந்தெலும்புன்னு வெளியிலேர்ந்தும் வெப்பாங்கண்ணே. ஆனா இது உங்க பல்லு. உங்க ஒடம்பு உங்களையே கண்டா சண்டைக்குப் போகாது."

அப்படித்தான் நடந்தது. ஒரு சின்ன இயந்திரத்தில் அரை நிமிஷம் சத்தம் கேட்டது. கண்ணாடிக் கிண்ணத்தில் அவருடைய கடைவாய்ப்பல் வெள்ளை ரவையாக இருந்தது. அந்த இறுக்கத்தையும் அந்தப் பத்து நாற்பதையும் சேர்த்து அரைத்த ரவை அது. டாக்டர் அதை மருந்துநீரில் நனைத்து, சின்னக் கரண்டியால் அள்ளி அள்ளி, வந்த இடத்திலேயே வைத்து அடைத்தார். நாலு மாதத்தில் எலும்பு நின்றுவிட்டது. எலும்பு நின்றதோடு அதன்மேல் இருந்ததெல்லாமும் நின்றுவிட்டது.

முதலில் கண்டுபிடித்தவர் சலூன்காரர்தான். வலது மீசையில் ஒரு நரைகூட இல்லை, இடது மீசையில் எட்டு இருக்கிறது, இது என்ன கணக்கு என்று கண்ணாடியில் காட்டிக் கேட்டார். அடுத்த வருஷம் இடது நெற்றியில் சுருக்கம் விழுந்தது; வலது நெற்றியில் ஒன்றுமில்லை. இடது கன்னத்தில் மூக்கிலிருந்து வாயோரம்வரை ஒரு கோடு இறங்கியது. வலது கன்னம் கல்யாண ஆல்பத்தில் இருந்த மாதிரியே இருந்தது. ஊர் கிளினிக்கை முற்றுகையிட்டது. ஆடாத பல்லை ஆடுவதாகச் சொல்லிக்கொண்டு பெண்கள் வரிசையில் நின்றார்கள். டாக்டர் ஃபிலோமினா உண்மையிலேயே எடுக்க வேண்டிய பற்களை மட்டும் எடுத்து, சிலருக்கு அதேபோல் அரைத்து வைத்தும் பார்த்தார். எலும்பெல்லாம் நன்றாக நின்றது, வயது மட்டும் நிற்கவில்லை. "எலும்புக்குத்தான் நான் பொறுப்பு. மூஞ்சிக்கெல்லாம் நான் பொறுப்பில்ல" என்று எழுதாத போர்டாக அவர் எல்லோரிடமும் சொன்னார். ஊரும், அது செவந்திலிங்கத்துக்கு மட்டும் வாய்த்தது என்று விட்டுவிட்டது.

பேருந்து நிலையத்தின் நட்ட நடுவில் இருந்தது டைம் கீப்பர் அறை. கிழக்கே ஒரு ஜன்னல், மேற்கே ஒரு ஜன்னல். வடக்கே பார்த்து மேஜை. பஸ்கள் கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு வாசலில் வெளியேறும். ஆகவே ஊருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவருடைய இளைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு இறங்கினார்கள். போகிறவர்கள் எல்லோரும் முதிய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்பினார்கள். இது யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஆனால் ஊருக்கு அதனால் பல காரியங்கள் ஆயின. ஐந்து வருஷம் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வருகிற பெண், பஸ்ஸிலிருந்து காலைக் கீழே வைக்கும்போதே கிழக்கு ஜன்னலைப் பார்த்துவிட்டு, நேற்றுத்தான் போனேன் போலிருக்கிறதே என்று மனசு லேசாகி நடந்தாள். திரும்பிப் போகும்போது மேற்கு ஜன்னலைப் பார்த்துவிட்டு, ஐயோ, அடுத்த தடவை வரும்போது யார் யார் இருப்பார்களோ என்று பதறி, ஐந்து வருஷம் என்பதை ஆறு மாதமாகக் குறைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது பெண் வீட்டார் கிழக்கு வாசலிலேயே நின்று எதிர்கொண்டு அழைத்தார்கள். பிள்ளைகளை வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பும் தாய்மார்கள் மட்டும், வண்டி கிளம்பும்போது பிள்ளையின் தலையைத் தம் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

டிப்போவில் வருஷா வருஷம் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் சிக்கல் வந்தது. வந்திருந்த டாக்டர் ஒரு பக்கம் நாற்பத்தாறு என்றும் மறுபக்கம் முப்பத்தெட்டு என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எந்தப் பக்கத்தை வைத்து ஓய்வு கொடுப்பது என்று மேலிடத்தில் கடிதப் போக்குவரத்து நடந்தது. வலது பக்கம் இன்னும் இருபது வருஷம் உழைக்கலாமே என்று ஒரு அதிகாரி எழுதினார். அப்படியானால் இடது பக்கத்துக்கு அரை நாள் லீவு கொடுங்கள் என்று தொழிற்சங்கம் பதில் எழுதியது. அந்தக் கோப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பைபாஸ் ரோடு வந்தபோது பேரூராட்சி வாசல்களை மாற்ற நினைத்தது. மேற்கில் நுழைந்து கிழக்கில் போகலாம் என்றது. ஒரு நாள் முழுக்க ஊரில் கடை திறக்கவில்லை. வருகிறவர்களை வயசான கன்னத்தைக் காட்டி வரவேற்பதா என்று வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒலிபெருக்கியில் தொண்டை கட்டும்வரை கேட்டார். வாசல்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

செவந்திலிங்கத்துக்கு ஊரின் சௌகரியமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. அவள் வந்து இறங்கும்போது அந்தக் கன்னம் கிழக்கு ஜன்னலில் இருக்க வேண்டும். அதற்காகப் பதவி உயர்வை வேண்டாம் என்றார். அதற்காக அம்மை போட்ட வருஷத்தில்கூட வலது பக்கம் சொறியாமல் கையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். தினமும் காலையில் சவரம் செய்யும்போது, வலது பக்கம் அவருக்கு அந்தப் பத்து நாற்பதாக இருக்கும், கத்தி மூக்கைத் தாண்டி இடது பக்கம் வரும்போது இன்றைய தேதி ஆகிவிடும். இரண்டு வருஷம் என்று சொல்லிக்கொண்டிருந்தது ஐந்தாகி, ஐந்து பத்தாகி, பத்து பதினேழானது. கிழக்கு வாசலில் ஒவ்வொரு திருச்சி வண்டி நுழையும்போதும் அவர் வலது கன்னத்தை ஜன்னல் கம்பிக்கு இன்னும் கொஞ்சம் அருகில் கொண்டுபோவார். எல்லோரும் இறங்கிய பிறகுதான் மூச்சு விடுவார். அவர் அவளுக்காக ஏங்கினார் என்பதை இதற்குமேல் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஆனி மாதத்தில் ஒரு நாள் முற்பகலில், குளித்தலை வண்டியின் கண்டக்டர் வைரப்பெருமாள் கையெழுத்து வாங்க அறைக்குள் வந்தார். அன்றைக்குத்தான் இந்த வழித்தடத்துக்கு மாற்றலாகி வந்தவர். கையெழுத்து வாங்கிய பிறகும் போகாமல் நின்றார்.

"சார், நீங்க சௌந்தரம் அக்கா வீட்டுக்காரர்தான?"

செவந்திலிங்கத்தின் பேனா நின்றது.

"ஏழு வருஷம் முன்னாடி நான் திருச்சி வண்டியில புதுசு சார். ஒரு நா பெரிய பெட்டியோட அந்தக்கா ஏறுச்சு. மஸ்கட்லேர்ந்து நேரா வருதாம். வழிநெடுக வீட்டுக்காரரு, வீட்டுக்காரருன்னு ஒரே பேச்சு. வந்து நின்னதும் எல்லாரும் எறங்கிட்டாங்க. அது மட்டும் எறங்கல. இந்த ஜன்னலையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. ஏன்க்கா, எறங்கலையான்னேன். 'பத்து வருஷம் தம்பி, எனக்காக அந்த மூஞ்சில ஒரு கோடுகூட விழலயே. நான் போனதே தெரியாம இருக்காரு மனுசன். எறங்கி என்ன பண்ணப்போறேன்'னுச்சு. முந்தானையால மூஞ்சிய மூடிக்கிட்டு அதே வண்டியில திரும்பிருச்சு."

செவந்திலிங்கம் மேஜைமேல் இருந்த மைக்கைப் பார்த்தார். அந்த வண்டியையும் அவரேதான் அறிவித்திருப்பார். அதற்கும் அவரேதான் விசில் ஊதியிருப்பார்.

"இத்தினி வருசம் ஏன்யா சொல்லல?"

"மறு வாரமே என்னைய குளித்தலைக்குத் தூக்கிட்டாங்க சார். அங்க பாத்தா பஸ் ஸ்டாண்டு பக்கத்துல அக்கா மெஸ் நடத்துது. ஏழு வருசமா அங்கதான் சாப்புட்டேன். ஒங்ககிட்ட சொன்னா சோறு கெடையாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. நானும், கல்லு மாதிரி மனுசன்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுதுன்னு விட்டுட்டேன்."

"இப்ப ஏன் சொல்ற?"

வைரப்பெருமாள் மேற்கு ஜன்னலைக் காட்டினார். "கிழக்கால எடமில்லன்னு இன்னிக்கு வண்டிய மேற்கால போட்டோம் சார். அந்த ஜன்னல் வழியா இப்பத்தான் ஒங்களப் பாத்தேன்."

ஏழு வருஷமாக அவள் காவேரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்திருக்கிறாள். ஒரு மணி நேரப் பயணம். குளித்தலைக்கு அவர் ஒரு நாளைக்குப் பதினொரு வண்டி அனுப்புகிறார். செவந்திலிங்கம் எழுந்து, பேனாவை மூடாமல், மருந்துக்கடை மாடிக்கு ஓடினார்.

"இத எடுத்துருங்க, டாக்டரம்மா. தோண்டி எடுத்துருங்க. இது இருக்கறதாலதான் அவ போயிட்டா."

டாக்டர் ஃபிலோமினா காரணம் கேட்டுத் தெரிந்துகொண்டு, படம் எடுத்து, வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார். தாடை முழுக்க ஒரே சீராக இருந்தது. "எதண்ணே எடுக்கறது? நாம வெச்ச பல்லு அங்க இல்ல. அத தின்னுட்டு அந்த எடத்துல எலும்பு வந்துருச்சு. எது பல்லா இருந்துச்சு, எது எலும்பா இருந்துச்சுன்னு இனி யாராலயும் பிரிக்க முடியாது. அது நீங்கதான்."

"அப்ப நான் என்ன பண்றது?"

"எனக்குப் பல்லு வைத்தியம்தான் தெரியும்ணே" என்றார் டாக்டர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆனா எத்தனை நாளைக்குத்தான் ஜன்னல்லயே காட்டிக்கிட்டு இருப்பீங்க? நேர்ல போய்க் காட்டுங்க."

பதினொன்று ஐம்பது குளித்தலை வண்டியில், மைக்கில் யாரும் அறிவிக்காமல், யாரும் விசில் ஊதாமல், செவந்திலிங்கம் ஏறி உட்கார்ந்தார். அன்றைக்குப் புங்கமேட்டில் பஸ்கள் தமக்குத் தோன்றியபோது வந்து, தமக்குத் தோன்றியபோது போயின. டிரைவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, நீ முதலில் போ, நீ முதலில் போ என்று உபசாரம் செய்தார்கள். வந்து இறங்கியவர்கள் கிழக்கு ஜன்னல் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தாங்கள் போய் எத்தனை வருஷமாயிற்று என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு, வீட்டுக்குக் கொஞ்சம் வேகமாக நடந்தார்கள். பாலத்தின்மேல் போகும்போது அவருக்குக் காவேரி தெரியவில்லை. அன்றைக்கு ஏழு பத்தை விட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் இந்தப் பாலத்தை எத்தனை மணிக்குத் தாண்டியிருப்போம் என்று போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். ஏழு ஐம்பத்தைந்து. தாராளமாகப் போய்ச் சேர்ந்திருக்கலாம்.

மெஸ்ஸில் சாப்பாட்டு நேரம். இரண்டு வரிசை இலை போட்டிருந்தது. சௌந்தரவள்ளி சாம்பார் வாளியோடு நடுவில் நின்றிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது, மற்றபடி அவளேதான். செவந்திலிங்கம் வாசற்படியில் நின்றார். வெளிச்சம் மறைந்ததால் அவள் நிமிர்ந்தாள். உள்பக்கமாக இருந்த வலது கன்னம்தான் முதலில் அவள் கண்ணில் பட்டது.

"மாறவே இல்ல" என்றாள், வாளியைக் கீழே வைக்காமல். "பதினேழு வருசம். அப்படியே இருக்கீங்க. நல்லா இருங்க."

செவந்திலிங்கம் முகத்தை மறுபக்கம் திருப்பினார்.

அவள் வாளியை வைத்துவிட்டு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பிடுகிறவர்கள் பார்க்கிறார்களே என்ற நினைப்பில்லாமல், கிட்டே வந்து நின்று பார்த்தாள். கண்ணுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்தாள், மூக்கிலிருந்து இறங்கிய கோட்டைப் பார்த்தாள், அதைக் குறுக்கே வெட்டிய கோடுகளைப் பார்த்தாள்.

"இதெல்லாம் எப்ப?"

டைம் கீப்பருக்குத் தெரியாதா? விரலை வைத்து வரிசையாகச் சொன்னார். "இது நீ போன வருசம், தீவாளிக்கு மறுநா காலையில. இது நாலாம் வருசம், ஒனக்கு மஞ்சக்காமாலைன்னு ஒஞ்சித்தி மவ சொன்னப்ப. இது ரெண்டும் ஒண்ணா வந்துச்சு, அந்தத் தடவ நீ வர்றதா ஒரு பேச்சு, ஒரு வாரம் எல்லா வண்டியும் பாத்தேன். இந்தப் பை மாமாவோட பத்தாம் வருசத் தெவசத்துக்கு." அவர் விரலைக் கன்னத்திலிருந்து எடுத்தார். "அந்த ஏழு பத்த விட்டுட்டு நான் வந்திருக்கணும் சௌந்தரம். பஸ்ஸு தானா போயிருக்கும். தப்பு பண்ணிட்டேன். இந்தப் பக்கம் எனக்குத் தெரியாம அப்படியே நின்னுபோச்சு. நான் நிக்கல."

வரிசையில் யாரோ ரசம் கேட்டார்கள். அவள் திரும்பவில்லை. அவருடைய இரண்டு கன்னங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். கடைசியில் வலது கன்னத்தைப் பார்த்து விரலை நீட்டினாள்.

"இந்த ஆளு மேல எனக்கு இருக்கிற கோவம் அப்படியேதான் இருக்கு. எங்கப்பாவ அவ்வளவு நேரம் காக்க வெச்ச ஆளு. இவரு வாசல்லயே நிக்கட்டும்." பிறகு இடது பக்கம் வந்து நின்றாள். குரல் இறங்கியது. "இந்தப் பெரியவர எனக்குத் தெரியாது. பாவம், வெயில்ல வந்திருக்காரு. நீங்க உள்ள வாங்க."

ஒரு பாதியை வெளியே விட்டுவிட்டு எப்படி உள்ளே போவது என்று செவந்திலிங்கம் படியிலேயே திகைத்து நிற்க, அவள் அவருடைய இடது கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். வரிசையின் கடைசியில், வலது கன்னம் சுவரோடு இருக்கும்படி உட்காரவைத்து, இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு வைத்தாள். சாம்பார் ஊற்றினாள். வாளியோடு அடுத்த வரிசைக்குப் போனவள் பாதி வழியில் நின்று, திரும்பி வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், இலையின் மறுபக்கத்தில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"அவருக்கும் பசிக்கும்ல" என்றாள்.